தூக்கத்திலேயே போனவர்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். தொண்டையில் எந்நேரமும் தூசி, மற்றபடி உடம்புக்குக் குறைவில்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அவளைக் கேட்டால் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பாள். அதனால் உன்னைக் கேட்கிறேன்.

எங்கள் டிவி தொடரை எடுப்பது மூடிப்போன சிமென்ட் ஆலையில். உலகம் அழிந்த பிறகு எப்படி இருக்கும் என்று காட்ட இங்கே செட் போடவே வேண்டாம், கேமராவைத் திருப்பினால் போதும். எழுதுகிறவர்கள் ஏழு பேரும் லாரி எடை போடும் பழைய அறையில் உட்கார்ந்திருக்கிறோம். கதை வெளியே கசிந்துவிடும் என்று எல்லோருடைய போனையும் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். வாரத்துக்கு ஒரு நாள் சாமான் வேன் வரும், தபாலும் அதில்தான். ஆகையால் இனி நாம் பழைய காலத்து மனிதர்கள்.

வந்த இரண்டாம் நாளே சண்டை. ஆறாம் அத்தியாயத்தில் துரத்தல் கிடையாது, ஒரு கிழவன் குடை ரிப்பேர் செய்கிறான், அவ்வளவுதான். சேனலிலிருந்து வந்தவர் மேசையைத் தட்டினார். "உலகமே சாம்பலாப் போச்சு. இவன் உட்கார்ந்து குடைக்கம்பியை நிமிர்த்திக்கிட்டு இருக்கான். எவன் பார்ப்பான்?" இயக்குநர் தேநீர் குடித்தார்.

அம்மா பார்க்கிறாளா? என்ன சொல்கிறாள் என்று அப்படியே எழுது. நல்லதாகத் திருத்தி எழுதாதே.

உன் தம்பி, வாலு

*

ஜனவரி 23

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே இருவரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் படியேறும்போது மட்டும் முறைக்கிறது. உன் தொண்டைக்கு வெந்நீர் குடி, தேநீரைக் குறை.

பார்க்கிறாளா என்று கேட்கிறாயே, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை ஏழு மணிக்கு வீட்டில் ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது. தெரு முழுக்க "என் பிள்ளை எழுதறது" என்று சொல்லி முடித்தாயிற்று. மூன்றாம் அத்தியாயத்தில் லாரியில் துரத்தி நாலு பேரைக் கொன்றீர்களே, எனக்கு உள்ளங்கை வியர்த்தது. அம்மா கொட்டாவி விட்டாள். "செத்தவன் யாருன்னே தெரியலையே. இவன் செத்தா நான் எதுக்கு அழணும்? முதல்ல அவன் என்ன சாப்பிட்டான், யாரைத் திட்டினான்னு காட்டச் சொல்லு" என்றாள். நாற்பது வருஷம் ஆடைத் தொழிற்சாலையில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்தவள் அல்லவா, இன்னொன்றும் கண்டுபிடித்தாள். மூன்று வருஷமாக ஓடுகிறவர்கள், ஒருத்தர் சட்டையிலும் பட்டன் அறுந்திருக்கவில்லையாம்.

எங்கள் பேருந்துப் பணிமனையில் டிரைவர்கள் எல்லோரும் துரத்தல் கட்சி. டைம் கீப்பர் நானும் அவர்களோடுதான். மெக்கானிக்குக்கு மட்டும் வேறு வருத்தம். "மூணு வருஷம் நின்ன லாரி ஒரே சாவியில ஸ்டார்ட் ஆகுதே. அந்த பேட்டரி எந்தக் கடையிலன்னு உங்க தம்பிகிட்ட கேளுங்க."

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். வெந்நீர் குடிக்கிறேன். நீங்கள் இருவரும் சௌக்கியம் என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது.

உன் கடிதத்தை எழுத்தாளர் அறையில் உரக்கப் படித்தேன். "இவன் செத்தா நான் எதுக்கு அழணும்" என்ற இடத்தில் இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். அந்த வரியைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியாயிற்று. அம்மாவுக்கு இங்கே எட்டாவது ஆள் என்று பெயர். சேனல்காரர் வாயைத் திறந்தால், "எட்டாவது ஆளைக் கேட்போமா?" என்கிறார்கள். குடைக்காரன் தப்பித்தான், சட்டைகளில் பட்டன்களைப் பிய்த்தாயிற்று. பேட்டரிக்கு மட்டும் எங்களிடம் பதில் இல்லை என்று மெக்கானிக்கிடம் சொல்.

ஒன்பதாம் அத்தியாயம் என் பொறுப்பு. இரண்டே அறை, இரண்டே பேர், முழுக்க மெதுவாகப் போக வேண்டும். "உனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒண்ணை எழுது. கற்பனை பண்ணினா அம்பது நிமிஷம் தாங்காது" என்றார் இயக்குநர்.

ஒரு சின்ன விவரம் வேண்டும். கடைசி மாதம் அப்பா தொண்டைக் குழாயோடு படுத்திருந்தபோது கட்டில் கம்பியில் மோதிரத்தால் தட்டிக் கூப்பிடுவாரே, தண்ணீருக்கு எத்தனை தட்டு, புரட்டிப் படுக்கவைக்க எத்தனை? எனக்குக் குழம்புகிறது.

வாலு

*

பிப்ரவரி 10

அன்புள்ள வாலுவுக்கு,

இருவரும் நலம். அம்மாவுக்கு இரண்டு நாள் சளி பிடித்திருந்தது, போய்விட்டது. எட்டாவது ஆள் விஷயத்தைச் சொன்னேன். "சம்பளம் இல்லாத வேலையா?" என்றாள். முகம் மட்டும் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது.

தண்ணீருக்கு இரண்டு. புரட்டிவிட மூன்று. ஒரே ஒரு தட்டு என்றால் எதுவும் வேண்டாம், சும்மா வந்து பக்கத்தில் உட்கார் என்று அர்த்தம். உனக்கு எப்படி மறந்தது? நான் அப்போது பயிற்சிக்குப் போய் வெளியூரில் இருந்தவள். அம்மா மாலை ஷிப்டு. கடைசி மாதம் முழுக்க அவரோடு இருந்தவன் நீதானே.

பதினாலு வருஷம் ஆயிற்று. போன வாரம் மாடிவீட்டு அம்மாள் தன் கணவர் ஆஸ்பத்திரியில் பட்ட பாட்டைச் சொல்லி அழுதாள். நம் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரர் அந்த விஷயத்துல கொடுத்து வச்சவர். தூக்கத்திலேயே போனார். பையன் பக்கத்து ரூம்ல இருந்தான், அவனுக்கே தெரியல" என்றாள். இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் தோள் கொஞ்சம் இறங்கும், பார்த்திருக்கிறாயா? சுமையை இறக்கி வைத்த மாதிரி.

இதெல்லாம் எதற்குக் கேட்கிறாய்?

அக்கா

*

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரமாக எழுதாததற்குத் திட்டாதே. உடம்பு சரியாகத்தான் இருக்கிறது, வேலைதான் ஆளை விடவில்லை. அம்மாவின் சளி திரும்ப வரவில்லையே?

ஒன்பதாம் அத்தியாயம் எடுத்து முடித்துவிட்டோம். சேனல்காரர் அதைப் பாதியாக வெட்டி நடுவில் ஒரு துரத்தலைச் செருகச் சொன்னார். குடைக்காரன் அத்தியாயத்துக்கு வந்த கடிதங்களை எல்லாம் இயக்குநர் அவர் முன்னால் கொட்டினார். "இத்தனை நாள் ஓடினாங்க, யார் ஓடறான்னு இப்பதான் தெரியுது" என்று ஒருத்தர் எழுதியிருந்தார். சேனல்காரர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு வெளியே போனார். முழுசாகவே வரப்போகிறது, ஏப்ரல் 16, வியாழன்.

உன்னிடம் ஒரு உதவி. அந்த வியாழக்கிழமை மாலை அம்மாவை வெளியே எங்காவது அழைத்துப் போ. நோயாளி அறைக் காட்சிகள் நிறைய. அவளுக்கு மனசு கஷ்டப்படும். டிவி கெட்டுப்போய்விட்டது என்று சொன்னாலும் சரி.

வாலு

*

மார்ச் 24

வாலு,

நாங்கள் நலம். நீ நலமாக இருப்பதாகத் தெரியவில்லை.

அம்மா ஏப்ரல் 16-ஐக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் சுழித்திருக்கிறாள். மாடிவீட்டு அம்மாள், எதிர்வீட்டுத் தம்பதி, எங்கள் மெக்கானிக் எல்லோரையும் அழைத்துவிட்டாள். நோயாளி அறையைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுமாம்! இரண்டு வருஷம் அந்த அறையைக் கழுவியவள் அவள்.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. தட்டு எதற்குக் கேட்டாய்? சுற்றி வளைக்காமல் சொல். அதில் என்னடா எழுதி வைத்திருக்கிறாய்?

அக்கா

*

மார்ச் 31

அக்கா,

உன் உடம்பையும் அம்மா உடம்பையும் விசாரிக்கிறேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

போன் கையில் இருந்தாலும் இதை என்னால் வாய்விட்டுச் சொல்லியிருக்க முடியாது.

அப்பா தூக்கத்தில் போகவில்லை. அன்று சாயங்காலம் நான் பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை தட்டினார். அன்று மட்டும் நாற்பது தடவை எழுந்து போயிருப்பேன், அக்கா. இன்னும் பத்து நிமிஷம், முடிந்ததும் போகலாம் என்று நினைத்தேன். மறுபடி இரண்டு. பிறகு மூன்று. நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். அதற்கும் மேலே ஒரே ஒரு தட்டு கேட்டது. அப்புறம் இல்லை. அப்பாடா, தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். அந்த "அப்பாடா"வைத்தான் என்னால் இன்றுவரை முழுங்க முடியவில்லை.

அம்மா வந்ததும் "தூக்கத்துலயே போயிட்டாரும்மா" என்றேன். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிறகு பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒன்பதாம் அத்தியாயம் அதுதான். டிவிக்குப் பதில் கையால் சுற்றும் ரேடியோ, கட்டிலுக்குப் பதில் இரும்புக் கதவு. தட்டு மட்டும் அதே தட்டு. எழுதும்போது அம்மா பார்ப்பாள் என்பதை நினைக்காமலே எழுதினேன் என்றால் நம்புவாயா? நானே நம்பவில்லை.

இன்னும் நிறுத்தலாம். நான் ஒரு வார்த்தை சொன்னால் சேனல்காரர் சந்தோஷமாக வேறு அத்தியாயத்தைப் போடுவார். நீ சொல்வதைச் செய்கிறேன்.

வாலு

*

ஏப்ரல் 6

தம்பிக்கு,

அம்மா நலம். என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தைப் பணிமனையில் படித்தேன். மூன்று பேருந்துக்கு நேரம் தப்பாகப் போட்டேன், பதிமூன்று வருஷத்தில் முதல் தடவை. உன்னை அடிக்க வேண்டும் போலவும் இருக்கிறது, அந்தப் பத்தொன்பது வயசுப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் போலவும் இருக்கிறது. ராத்திரி பகலாக அவரைத் தூக்கிப் புரட்டியது நீ ஒருத்தன். அதை நான் மறக்கவில்லை. நான் அங்கே இல்லாததையும் மறக்கவில்லை.

ஆனால் இதை நிறுத்து. முதலில் வா. அம்மா எதிரில் உட்கார்ந்து உன் வாயால் சொல். அவள் உன்னை அறைந்தாலும் வாங்கிக்கொள். அதன் பிறகு ஊருக்கே காட்டு, நானே உட்கார்ந்து பார்க்கிறேன். அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் மாடிவீட்டு அம்மாளுக்கும் மெக்கானிக்குக்கும் தெரியக் கூடாது.

கடிதம் உன் கைக்கு வர ஐந்து நாள் ஆகும். நிறுத்த நேரம் இருக்கிறது.

அக்கா

*

ஏப்ரல் 25

அக்கா,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் கடிதம் 11-ம் தேதியே கிடைத்தது. தாமதமாக வந்தது என்று எழுதலாம் என்று பார்த்தேன். எழுத மனம் வரவில்லை. படித்தேன், நிறுத்தவில்லை.

அன்று மத்தியானம் முழு அத்தியாயத்தையும் போட்டுக் காட்டினார்கள். முப்பது பேர் பார்த்தோம். தட்டு நின்றதிலிருந்து சேனல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "இந்த ஒண்ணுக்காக மத்த எல்லாத்தையும் பார்ப்பாங்க" என்றார், துரத்தல் கேட்ட அதே மனிதர். உன் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அது நன்றாக வந்திருந்தது, அக்கா. நான் செய்ததிலேயே நல்ல வேலை அது. வேறு காரணம் எதுவும் இல்லை.

இப்போது மூட்டை மூட்டையாகக் கடிதம் வருகிறது. மெதுவாகப் போனால்தான் கதை நிற்கும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். உன்னிடமிருந்து மட்டும் ஒரு வரி இல்லை.

அம்மா பார்த்தாளா?

வாலு

*

மே 2

தம்பிக்கு,

உடம்பெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

பார்த்தாள். நீ நிறுத்தியிருப்பாய் என்று நம்பினேன். அதனால் அவளை வெளியே கூட்டிப்போகவில்லை. என் புத்தி அவ்வளவுதான்.

கூடம் நிறைய ஆட்கள். முதல் அரை மணி நேரம் அம்மா எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். "பாருங்க, போர்வையை மடிக்கிறான், அதைக் கூட விடாம காட்டறாங்க." பிறகு அந்தக் கதவில் இரண்டு தட்டு. அவள் பேச்சு நின்றது. மறுபடி இரண்டு. எழுந்து சமையலறைக்குப் போனாள். முழங்கால் வலி என்று நினைத்தேன். ஒரு டம்ளர் தண்ணீரோடு திரும்பி வந்தாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு டிவிக்கு முன்னால் நின்றாள். யாருக்கும் படம் தெரியவில்லை, யாரும் நகரச் சொல்லவில்லை. மூன்று தட்டு. அப்புறம் அந்த ஒன்று. முடியும்வரை நின்றாள். தண்ணீரில் பாதி அவள் புடவையில் கொட்டியிருந்தது.

எல்லோரும் போன பிறகு, "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று என்னிடம் கேட்டாள். பத்து நாளாகத் தெரியும் என்றேன். அன்றிலிருந்து என்னோடும் பேசுவதில்லை. மாடிவீட்டு அம்மாள் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

நல்ல வேலை என்கிறாய். நல்ல வேலைதான், நானே அழுதேன். அன்றைக்கு மாதிரியே இன்றைக்கும் ஒருத்தி கூப்பிட்டாள், நீ மறுபடி சத்தத்தைக் கூட்டினாய்.

எனக்கு இனி எழுதாதே. எழுதுவதானால் அவளுக்கு எழுது.

அக்கா

*

மே 11

அம்மா,

நீ நலமாக இருக்க வேண்டும்.

எட்டுத் தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். எழுதுவதே தொழிலாக இருப்பவனுக்கு உனக்கு எழுத ஒரு வரி வரவில்லை. அதில் வந்ததெல்லாம் நிஜம். நான் உன்னிடம் பொய் சொன்னேன். என்னை மன்னிக்க முடியுமா?

வாலு

*

மே 29

என் மகனுக்கு அம்மா எழுதுவது.

நான் இருக்கிறேன். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

வந்ததெல்லாம் நிஜம் என்று எழுதியிருக்கிறாய். அது பொய். உன் கதையில் மகன் ஓடிப்போய் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கதறுகிறான், பின்னால் பாட்டு வாசிக்கிறார்கள். நான் ஷிப்டு முடிந்து வந்தபோது நீ கதறவில்லை. சுவரோரம் நின்றாய். நான் அவருக்குப் போர்த்த வெள்ளை வேட்டி எடுக்க உள்ளே போனேன். வேட்டி அந்தப் பழைய பெட்டி டிவி மேலே மடித்து வைத்திருந்தது. கையில் எடுத்தால் இஸ்திரி போட்ட மாதிரி சூடு. டிவி அணைந்திருந்தது, சூடு அடங்கவில்லை, நான் வருவதற்குச் சற்று முன்வரை ஓடியிருக்கிறது. அப்போதே எனக்கு என்னவோ போல் இருந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். கேட்கவில்லை.

பதினாலு வருஷம் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று பயம். தூக்கத்தில் போனார் என்று ஊர் முழுக்க நானே சொல்லி, நானே நம்பினேன். அதை நீ ஊரைக் கூட்டி வைத்துப் பிடுங்கினாய். என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் போதாதா? நான் என்ன, சேனல்காரரா?

மன்னிப்பதைப் பற்றி இப்போது கேட்காதே. எனக்குத் தெரியவில்லை. உன் அக்காவிடம் நேற்றுதான் பேச ஆரம்பித்திருக்கிறேன்.

வேலையை விட்டாலும் சரி, லீவு கேட்டாலும் சரி, இங்கே வா. வந்து என் எதிரில் உட்கார். அன்று மத்தியானம் நான் கிளம்பிப் போனதிலிருந்து தொடங்கு. அவர் என்ன குடித்தார், எத்தனை தடவை புரட்டினாய், நீ எப்போது சாப்பிட்டாய், எதையும் விடாதே. அழுகை எதையும் சேர்க்காதே. எனக்குப் போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லை, நீ மெதுவாகவே சொல்.

அம்மா